அழுகையும் ஒரு சான்று

போன செவ்வாய்க்கிழமை பாக்கியத்தோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவள். இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டைதான் — குடியுரிமை இல்லை. வேலை பெர்மிட் முடியப்போகிறது. அது போனால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

குடியுரிமைக்கான நீல அட்டை கிடைக்க, இங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும். தோட்டத்துப் பதிவேடு கூரை ஒழுகி மக்கிவிட்டது. மிச்சமிருப்பது எனக்கு முன்பிருந்த பெரிய கிராணி அதைப் பார்த்து எழுதிய சுருக்கம். தலைமை எழுத்தர் அல்லவா... முக்கியமானதை மட்டும் எழுதினார். மண்சரிவு, வால்நட்சத்திரம், தோட்டத்து மேலாளரான துரையின் ஜலதோஷம். கூலிக்காரர் பிள்ளைகள்? இடமில்லை.

ஓய்வுபெற்றபின் ரோமாபுரி வரலாறு படிக்கிறேன். அங்கேயும் இதே கதைதான். மூல நூல்கள் பல அழிந்துவிட்டன. எண்ணூறு வருடம் கழித்து கான்ஸ்டான்டிநோபிள் துறவிகள் எழுதிய சுருக்கங்களை நம்பித்தான் சில சக்கரவர்த்திகளின் கதையே நிற்கிறது. சபை விவாதத்தை வெட்டிவிட்டு, அபசகுனத்தையும் அரண்மனை வம்பையும் காப்பாற்றியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் திட்டிக்கொண்டே அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். வேறு வழி?

பதிவு அலுவலக அதிகாரி நம் தமிழ்ப் பையன்தான். பெரிய கிராணியின் சுருக்க நோட்டைப் புரட்டினார்.

"கிராணி ஐயா, இது காப்பி லா. ஒரிஜினல் எங்க?"

"மக்கிப் போச்சு. ஒரிஜினலைப் பார்த்தவன் நான். சின்ன கிராணியா இருந்தப்ப நானே புரட்டியிருக்கேன். சத்தியப் பிரமாணம் இந்தா, மூணு பிரதி."

"இதுல இவங்க பேரே இல்லையே?"

"மண்சரிவுன்னு எழுதியிருக்கிற பக்கத்தைப் படிங்க."

வாய்விட்டுப் படித்தார். தேதி இருந்தது. 'இன்று மண்சரிவு. துரையவர்களின் கார் இரண்டாம் லயத்தருகே நின்றுவிட்டது. அங்கே முனியனுக்குப் பிறந்த பெண் சிசு ஓயாமல் அழுது துரையவர்களுக்குத் தலைவலி.'

அதிகாரி சிரிக்கவில்லை. "முனியனுக்கு எத்தனை பொண்ணுங்கம்மா?"

"நான் ஒருத்திதாங்க சார். மத்த நாலும் தடிப்பசங்க."

"தோட்டத்துல வேற முனியன்?"

"அப்ப இல்ல," என்றேன். "அதுவும் பிரமாணத்துல இருக்கு. நாலாவது பத்தி."

அந்தப் பத்தியைப் படித்தார். பிறகு நீல அட்டைக்குப் பரிந்துரை எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அமைதியான புள்ளையா இருந்திருந்தா என்னா சார் ஆயிருக்கும்?"

என்ன ஆகியிருக்கும்? விதிமுறைப்படி, அவள் பிறந்தே இருக்கமாட்டாள்.