பகலில் பூட்டிய வீடு

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் யாருக்கு வீடு தேவை, எவ்வளவு வாடகை தாங்குவார்கள் என்று நகரசபை கணக்கெடுக்கக் கிளம்பியது. நல்ல காரியம்தான். ஆனால் வந்தது பகல் பதினோரு மணிக்கு. அந்நேரத்தில் இந்த ஊரில் பாதி ஜனம் பெங்களூரில் அல்லவா இருக்கும்! விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பிறகு இறங்குகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் ரயில் பெட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

லூயிசா வீட்டுக் கதவில் இரண்டு தடவை சாக்பீஸால் 'காலி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஐம்பதைத் தாண்டிய லூயிசா, பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பாவுக்குக் கொடுத்த வீடு அது. அங்கேயே பிறந்து, ஒவ்வொருவராகப் போன பின் அங்கேயே தனித்துப்போனாள். காலி என்று பதிவாகிவிட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கடைசித் தடவையாக எப்போது வருவார்கள் என்று விசாரித்து, சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கு லீவு போட்டாள்.

பகல் வெளிச்சத்தில் தன் வீடே அவளுக்கு அந்நியமாகத் தெரிந்தது. சுவரில் இத்தனை விரிசலா? தெரு நெடுகப் பூட்டுகள்தான் தொங்கின. வாசலில் நின்று நின்று அலுத்துப்போனாள்.

நகரசபையிலிருந்து மமதா என்ற சின்னப் பெண் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, ரெண்டு வாட்டி வந்தப்பவும் பூட்டு. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல யாராச்சும் சொன்னா போதும்."

லூயிசாவைத் தெரிந்தவர்களெல்லாம் ரயிலேறிப் போயிருந்தார்கள். ஒட்டுச்சுவர் வீட்டு வெங்கடம்மா மட்டும் இருந்தாள். வாடகைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். இருவரும் முகம் பார்த்ததே இல்லை.

"அந்த ஊடா? எப்பப் பாத்தாலும் பூட்டிதான் கெடக்குது," என்ற வெங்கடம்மா, பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றாள்.

லூயிசா முந்திக்கொண்டாள். "நான்தாங்க இந்த ஊட்டுக்காரி. விடிகாலையிலயே வேலைக்குப் பூடறேன்..."

வெங்கடம்மா காதைத் தீட்டிக்கொண்டாள். "இரு இரு, இந்தக் கொரலா! மேடம், ஆளு கீறாங்க, நல்லா எழுதிக்கோங்க. ரெண்டு பேரு கீறாங்க. டெய்லி காலைல செவுத்துக்கு அந்தாண்ட பேச்சு கேக்கும். 'டீ ஆறிப்போவுது, குடி. குளுருது, ஸ்வெட்டர் போட்டுக்கோ. சாப்பாடு மறக்காத'ன்னு. அவ்ளோ பாசம்!"

மமதாவுக்கும் நிம்மதி. "இன்னொருத்தர் பேரு என்ன ஆன்ட்டி?"

வீடு நிலைத்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை நகரசபையிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஒருத்திதாம்மா," என்றாள் லூயிசா. "எனக்கு நானே சொல்லிக்கிறது அது."