கிறகரிக்காக எழும்பியவள்

பித்தப்பைக் கல்லுக்காகப் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வடிவம்மா மஹய்யாவைக்குத் திரும்பிய நாளில், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் சாமி விளக்கில் எண்ணெய் காயாமல் இருந்தது. பிள்ளையார் படத்துக்கு வாடாத செவ்வரத்தம்பூ. சாவி பக்கத்து வீட்டுச் சூசையம்மாவிடம்தான் இருந்தது. கழுத்தில் செபமாலையோடு திரியும் அந்த வேதக்கார அம்மா, பொழுது சாய்ந்தால் வந்து விளக்கேற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. வடிவம்மாவும் கேட்கவில்லை.

அந்தச் சூசையம்மாவுக்குத்தான், இறந்துபோன புருஷன் கிறகரியின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு தலையிடி தொடங்கியது. பகலில் ஒன்றுமிருக்காது. நல்ல நித்திரையில் கிடக்கையில் உச்சந்தலையில் ஆணி அறைந்தாற்போல எழுப்பிவிடும். எழும்பி முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். அந்த முணுமுணுப்பு எப்போது நிற்கும் என்று வடிவம்மாவும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பாள்.

கிளினிக்குக்குப் போவோம் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டாள். சூசையம்மா மாட்டேனென்றாள். செத்தபின் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாக்கள், செபம் கேட்டுச் சொந்தக்காரரை நித்திரையில் எழுப்பும் என்பது அவளுடைய நம்பிக்கை. எழுப்புவது கிறகரி. மருந்து குடித்துத் தூங்கிவிட்டால் அந்த மனுசனுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

போகப் போக விடியலில் வாந்தி வந்தது. ஒருநாள் காலை, கையில் பிடித்திருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக நழுவி உடைந்தது. விரல்கள் மடங்கவில்லை.  வடிவம்மா உடைந்ததைக் கூட்டி அள்ளியபடியே சொன்னாள்:

"ராவு வேல முடிஞ்சு வந்தா, நீங்க முழிச்சிருவீங்கன்னு செருப்பக் கையில தூக்கிட்டு வந்த மனுசன்க்கா அவரு. உசுரோட இருக்கையில ஒங்கள எழுப்பாதவரு, செத்தப் பொறகா மண்டைய இடிச்சு எழுப்புவாரு?"

சூசையம்மா எழும்பி உள்ளே போனாள். கிளினிக்குக்குப் போகச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

தலைக்குள் கட்டி என்றார்கள். வளர்ந்துவிட்டது, உடனே வெட்ட வேண்டும், பிறகு கடவுள் விட்ட வழி என்றார் டொக்டர். தெல்தெனியவில் கட்டிக்கொடுத்த மகள் அனற் ஓடி வந்து கையெழுத்துப் போட்டாள்.

தள்ளுவண்டி ஒப்பரேஷன் அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றது. அந்த அறைக்குள் போன சூசையம்மா பிறகு கண் திறக்கவேயில்லை. அந்த ஒரு நிமிடத்தில் வடிவம்மாவைக் கிட்டக் கூப்பிட்டாள். இன்றைக்கு ராத்திரி தன்னால் எழும்ப முடியாது, கிறகரிக்காக வடிவம்மா ஒரு தரம் எழும்பிச் செபிக்க வேண்டும் என்றாள். செபமாலையில் ஒரு சொல்லும் தனக்குத் தெரியாதே என்று வடிவம்மா அழுதாள். சூசையம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"நான் மட்டும் என்ன வடிவு, ஒங்க மந்திரம் தெரிஞ்சா பிள்ளையாருக்கு வெளக்கு வச்சேன்?"