கழுத்தில் பூசிய புற்றுமண்

அவன் வாசுதேவநல்லூர்க்காரன். அரசு அலுவலக வேலையில் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து, முதல் வாரமே எங்கள் ரக்பி கிளப்பில் சேர்ந்தான். சென்னையில் ஆடினவனாம். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறவன் நான். ஸ்க்ரம்மில் இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தலை குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவோம். எங்கள் முன்வரிசையில் நடுவில் கேப்டன், அவனுக்கு இடது பக்கம் நான். கேப்டனின் இரண்டு கையும் பக்கத்து ஆட்களின் மேல் மாட்டியிருக்கும், ஊன்றக் கை கிடையாது. நான் சரிந்தால் அவன் கழுத்துதான் போகும். ஏழு வருஷமாக அந்த இடம் என்னுடையது. வந்தவனும் அதே இடத்து ஆட்டக்காரன்.

பயிற்சி முடிந்ததும் என் பைக்கில் டீக்கடைக்கு வருகிற கேப்டன், இப்போது அவன் பைக்கில் ஏறினான். வீட்டிலாவது நிம்மதி உண்டா? வாசுதேவநல்லூர்க்காரர் நல்லா ஆடுதாராமே என்று என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் தாண்டி அவன் சேர்ந்தது என் அதிர்ஷ்டம். ஒரே ஒரு விலக்கு உண்டு. முன்வரிசையில் பழகாத ஆளை நிறுத்துவது ஆபத்து என்பதால், அங்கே ஒருவனுக்குக் காயம் என்றால் மட்டும் தாமதமாகச் சேர்ந்தவனை விடுவார்கள். காயம்பட்டவன் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டத்தின் நடுவில்கூடக் கொடுக்கலாம்.

ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு மூட்டை தூக்கும்போது கழுத்தில் பிடித்துக்கொண்டது. வலது கை விரல்கள் அவ்வப்போது மரத்தன. டாக்டரிடம் போனால் ஆடாதே என்பார், அவன் உள்ளே வந்துவிடுவான். கோயிலில் புற்றுமண் வாங்கி, தண்ணீரில் குழைத்துக் கழுத்தில் பூசி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். உடம்புக்கு என்ன வந்தாலும் எங்களுக்கு முதல் மருந்து அதுதான்.

ஆட்டத்தன்று காலை கேப்டன் படிவத்தோடு வந்தான்.

"ஏலே, கூப்பிட்டா உடம்போட திரும்புதே. கழுத்து நல்லா இருக்கா? உன்ன நம்பித்தான் தலையக் குடுக்கேன்."

நல்லாத்தான் இருக்கு, வேண்டுமென்றால் அவனுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டு வா என்றேன். கேப்டன் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் ஒரு ஸ்க்ரம். கேப்டனின் சட்டையைப் பிடித்திருந்த கையில் உணர்வே இல்லை. வலி வந்தால் 'கழுத்து' என்று கத்த வேண்டும், கேட்டதும் எல்லாரும் தள்ளுவதை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. வார்த்தை தொண்டைவரை வந்தது. கோட்டுக்கு வெளியே வாசுதேவநல்லூர்க்காரன் கால்கள் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டேன். என் பக்கம் சரிந்து, கேப்டனின் தலை கீழே போனது.

"கழுத்து!"

கத்தியது வெளியே நின்ற அவன். எல்லாரும் விட்டார்கள், நடுவர் விசில் ஊதினார். மண்ணில் விழுந்த கேப்டன் எழுந்து உட்கார்ந்து, தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். திரும்பியது. என்னை மட்டும் அவன் பார்க்கவில்லை.

வாசுதேவநல்லூர்க்காரன் என் பக்கத்தில் குத்தவைத்துக் காலரை விலக்கினான். வியர்வையில் கரைந்த புற்றுமண் முதுகில் வழிந்திருந்தது.

"காலையிலேயே பாத்தேன் அண்ணாச்சி. சொன்னா ஒங்க எடத்துக்கு ஆசப்படுதேன்னு நெனப்பீங்கன்னு இருந்துட்டேன்."

படிவத்தில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். அவன் உள்ளே போனான். அதன்பிறகு நடந்த ஸ்க்ரம் ஒன்றுகூடச் சரியவில்லை. வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். இதாவது சரியாதா, இதாவது சரியாதா என்றுதான் பார்த்தேன். நடுவில் இருந்தது கேப்டனின் தலை.