பாலைவனத்திலிருந்து போட்ட மோட்டார்

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் ஒரு இரும்புப் பெட்டிக்குப் போன் போடுவேன். அந்தப் பெட்டி விழுப்புரம் பக்கம் எங்கள் கிணற்றடிக் கொட்டகையில் இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. அமீரகத்தில் அல் ஐன் தாண்டிய பண்ணையில் நின்று நான் அழைத்தால் அங்கே சுவிட்ச் விழும். ‘மோட்டார் இயக்கப்பட்டது’ என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்லும். என் சொல்லை அந்த அளவுக்கு மதிக்கும் குரல் எங்கள் வீட்டில் வேறு கிடையாது. மலிவு ரகப் பெட்டி. சுவிட்ச் விழுந்ததைத்தான் சொல்லும், மோட்டார் ஓடுகிறதா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது.

இந்தப் பண்ணையில் பேரீச்சைக்கும் வெள்ளரிக்கும் தண்ணீர் விடுவது என் வேலை. ஆழ்குழாயில் வருவது உப்பு. நல்ல தண்ணீர் லாரியில் வந்து தொட்டியில் இறங்கும். அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும். எங்காவது குழாய் கசிந்து மணல் நனைந்தால் எனக்கு வயிறு எரியும். இப்பேர்ப்பட்ட கருமி, ஊர் மோட்டார் என்றதும் கர்ணனாகிவிடுவேன். இந்த வெயிலில் நிற்கிறவனுக்கு உலகமே காய்வதாகத்தான் தோன்றும். போன லீவில் பெட்டியை மாட்டியபோது, கடல் தாண்டினாலும் கழனிக்குத் தண்ணீர் கட்டுகிறவன் நான்தான் என்று பீற்றிக்கொண்டேன். என் மனைவி அமுதா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் பழைய வியாதி.

நான் தினமும் போன் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வைப்பதை எங்கள் முதலாளி கவனித்திருக்கிறார். முதலாளியை இங்கே அர்பாப் என்போம்.

“பீவி குஸ்ஸா?” என்றார் ஒருநாள். மனைவி கோபமா என்று கேட்கிறார்.

“இல்லை அர்பாப், மோட்டார்.”

அவர் என் தோளைத் தட்டினார். “மாஃபி முஷ்கில், கவலைப்படாதே. என் பீவியும் அப்படித்தான்.”

போன வாரம் மோட்டார் போட்ட கையோடு அமுதாவுக்கு வீடியோ கால் போட்டேன். கிணற்றடியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

“தண்ணி எங்க? மோட்டார் போட்டிருக்கேனே!”

“அந்தப் பொட்டியில மோட்டாரு இல்லீங்க. ஐப்பசியிலயே ஒயர மாத்திட்டேன். மழைத்தண்ணி நிக்கும்போதே மேல மேல வுட்டீங்க, மல்லாட்ட வேரு அழுவிப்போச்சி. அங்க காயிதுன்னு இங்க வுட்டா? கெணத்துத் தண்ணி சித்திரைக்கு வேணாமா?”

இத்தனை மாதமாகக் காலிப் பெட்டியை ஆண்டுகொண்டிருந்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். கழனி முழுக்க அவள் மறுபடி விதைத்த மல்லாட்டை, எங்கள் பக்கத்து நிலக்கடலை, கரும்பச்சையாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் இல்லாமலே இவ்வளவு நன்றாக விளையுமா? அப்படியென்றால் அந்த மண்ணுக்கு நான் யார்? ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். வளைகுடாவில் படிக்கிறவர்களுக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது.

“அப்ப அத கழட்டிப் போட வேண்டியதுதான? சிம்முக்கு வேற தண்ட ரீசார்ஜு” என்றேன், ரோஷத்தோடு.

“வேணாம். காலையில கொட்டாயில நிக்கும்போது அது டொக்குனு சத்தம் போடும். எழுந்துட்டீங்க, நல்லா இருக்கீங்கன்னு தெரியும். அப்புறந்தான் நான் மோட்டாரு போடுவேன்.”

மறுநாளும் போன் போட்டேன். ‘மோட்டார் இயக்கப்பட்டது’ என்று அந்தக் குரல் மரியாதை குறையாமல் பொய் சொன்னது. இந்நேரம் அவள் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு இங்கே வால்வைத் திறந்தேன். அர்பாப் தூரத்திலிருந்து கையை ஆட்டினார்.

“பீவி?”

“ஆமாம் அர்பாப்” என்றேன். “பீவிதான்.”