உருளைக்கிழங்கு முத்திரை

ஒன்பது வயதில் நான் ஓர் அதிகாரியாக இருந்தேன். சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் ஏராளம். எங்கள் வகுப்புக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்கிற பதவி. அதில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த அட்டூழியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கடலில் தள்ளியே நிற்கும். ஆட்களைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பெண் எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். பெயர் தெரேஸ். அப்பா நம்ம ஊர், அம்மா அந்த ஊர். அப்பா வேலையை முடித்துக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. தெரேஸ் தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். நாங்கள் அவளோடு பேசியதைவிட அவளை வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.

இதையெல்லாம் கவனித்துத்தானோ என்னவோ, எங்கள் டீச்சர் ஒரு வேலையைத் தொடங்கினார். கடலூரிலிருந்து புதிதாக வந்தவர். "ஜனங்க ஒரு ஊர வுட்டு இன்னொரு ஊருக்கு எப்பிடிப் போறாங்கன்னு புஸ்தகத்துல படிச்சா மண்டையில ஏறாது. செஞ்சி பாப்போம் வாங்க" என்றார்.

பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுக் கப்பல் கட்டினோம். ஒரு பழைய பாய் படகாயிற்று. நோட்டு அட்டைகளை வெட்டி ஆளுக்கொரு பயணப் புத்தகம் தைத்தோம். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் 'வரலாம்' என்று செதுக்கி, பீட்ரூட் சாற்றில் தோய்த்தால் அரசாங்க முத்திரை தயார். முதல் கிழங்கில் எழுத்து திரும்பி விழுந்ததால் அது யார் வீட்டுக் குழம்புக்கோ போயிற்று. ஊரை விட்டுக் கிளம்பினால் எதை எடுத்துப்போவோம் என்று யோசித்து, ஒரே ஒரு பொருளை மூட்டை கட்டி வர வேண்டும். ஒருத்தி அம்மிக்குழவியைச் சுமந்துகொண்டு வந்து, "ஏண்டி, படகு முழுவறதுக்கா?" என்று டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கரையில் மேசை போட்டு உட்கார்ந்து முத்திரை குத்தும் அதிகாரி நான். சும்மா கிடைத்த பதவி இல்லை அது. என் சித்தப்பா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது நான்தான். வீட்டில் சித்திக்கு முன்னால் குரலே எழும்பாத அந்த மனுஷன், நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு ஆள். வந்தவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். காகிதத்தை வாங்கி முதலில் பின்பக்கம் திருப்புவார். ஒரு பெருமூச்சு விடுவார். அப்புறம், "இது ஆவாது. நாளைக்கு வா." அடடா, என்ன தோரணை! அது முழுக்க எனக்கு அத்துப்படி.

இரண்டு நாள் எல்லாருக்கும் குத்தித் தள்ளினேன். மூன்றாம் நாள் சலித்துவிட்டது. ஒருத்தியிடமாவது சித்தப்பா வசனத்தைச் சொல்லாவிட்டால் பதவிக்கு என்ன மரியாதை? அந்த நேரம் பார்த்து வரிசையில் வந்தாள் தெரேஸ். மூட்டையில் ஒரு பீங்கான் கரண்டி வைத்திருந்தாள். நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தைத் திருப்பினேன், பெருமூச்சு விட்டேன்.

"இது ஆவாது. நாளைக்கு வா."

பிள்ளைகள் சிரித்தார்கள். தெரேஸ் சிரிக்கவில்லை. கரண்டியை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள். என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்தேன். டீச்சர் அந்தப் பக்கம் படகுச் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவளுடைய அம்மா இந்த ஊரில் தங்குவதற்கான காகிதத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறாராம். அவருக்குத் தமிழ் வராது என்பதால் தெரேஸ்தான் கூடவே போய் எடுத்துச் சொல்வாளாம். போன இடமெல்லாம் அவள் கேட்டது அந்த வாக்கியத்தைத்தான். "பள்ளிக்கூடத்துலயும் பேப்பர் சரியில்லன்னுட்டாங்க" என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அம்மா புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

"வெளையாட்டுன்னு நான் சொல்லிப் பாத்துட்டேன். அந்தப் பொண்ணு நம்பல. ஆபீசர்தான் சொல்லணுங்குது" என்றார் டீச்சர்.

நான் கையை நீட்டினேன், அடி விழும் என்று. விழவில்லை. "ஆபீசர் நீதான? நீயே வந்து குத்திக் குடு" என்று கிழங்கை இலையில் சுற்றித் தந்தார். அன்று அடித்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். அடிக்காமல் அழைத்துப் போனாரே, அந்தப் புண்ணியவதியை இன்றுவரை மனசுக்குள் கும்பிடுகிறேன்.

மைப் புட்டியில் சாறும் கையில் கிழங்குமாக நடந்தேன். என்னால் ஒருத்தி படிப்பே நின்றுபோகுமோ என்று வழியெல்லாம் டீச்சரைக் கேட்டுக்கொண்டே போனேன். டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

தெரேஸின் அம்மா என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. தெரேஸ் அவர் பின்னால் ஒளிந்துகொண்டாள். சித்தப்பாவின் தோரணை எங்கே போயிற்றோ, எனக்கு அழுகைதான் வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு தெரேசு. தப்பு எம்மேலதான். காலையில வந்துடு, இன்னா?"

குத்தினேன். சிவப்பாக, பளிச்சென்று விழுந்தது. அந்த அம்மா புத்தகத்தை வாங்கி, ஈரம் காய வாயால் ஊதினார். தெரேஸிடம் என்னவோ சொன்னார். "தம்பிக்கும் வேணுமாம்" என்றாள் அவள். தம்பிக்கும் ஒரு தாளில் குத்தினேன். அப்புறம் இறால் வைத்துச் சுருட்டிப் பொரித்த பண்டம் ஒரு தட்டு வந்தது. தப்பு செய்தவளுக்கு இப்படி ஒரு விருந்தா! விரலை நக்கி நக்கித் தின்றேன். நல்ல மனசு வேண்டும் அதற்கு.

நான் எழுந்தபோது, அந்த அம்மா இன்னொரு தாளை என் முன்னால் வைத்தார். அதில் பிரெஞ்சு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது.

"இது யாரு?"

"அம்மா" என்றாள் தெரேஸ்.

பெரியவர்களுக்குக்கூட விளையாட ஆசை வருமா என்று எனக்கு ஒரே சிரிப்பு. சாறு தீர்ந்துபோயிருந்தது. புட்டியைக் கவிழ்த்துத் தட்டி, பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். வெளுப்பாகத்தான் விழுந்தது. அவர் என் கறை படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது.

தெரேஸ் மறுநாள் வந்தாள். பள்ளி முடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. ஆனால் அன்று திரும்பும் வழியில் நான் டீச்சரிடம் சொன்னது இதுதான்: "அந்தம்மாவுக்கு நம்ம வெளையாட்டு ரொம்பப் புடிச்சிப்போச்சி டீச்சர்."

அந்த வீட்டில் ஒரு பெட்டி நிறையக் காகிதம் இருந்தது. அத்தனையிலும் அவர் பெயருக்கு நேரே 'வரலாம்' என்று சொன்னது அந்த ஒன்றுதான் என்பது எனக்கு அன்று தெரியாது.