இறக்கும் சைகை

தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கீழே நின்று எனக்குச் சைகை காட்டுபவர் ஓர் அண்ணாச்சி. வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதர். விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் சரக்கை இறக்க வேண்டும். கையை மூடினால் நிறுத்த வேண்டும். அவர் கை காட்டாமல் நான் எதையும் அசைத்ததில்லை.

“வாயத் தொறக்கவே மாட்டியளா அண்ணாச்சி?” என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

“ஏலே, மேல இருக்க ஒனக்குக் கேக்கவா போவுது?” என்றார்.

கடலில் இறந்த அவர் மகனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, பெட்டியை இறக்கும் கயிற்றை நானும் பிடித்திருந்தேன். தலைமாட்டில் நின்று அவர் விரலைச் சுழற்றினார். மெல்ல இறக்கினோம். பெட்டி குழியின் அடியைத் தொட்டது, கயிறு தளர்ந்தது.

“போதும் அண்ணாச்சி,” என்றேன்.

அவர் விரல் சுழன்றுகொண்டே இருந்தது. கையை அவர் மூடவில்லை. நானும் கயிற்றை விடவில்லை.