காது கிழிந்த கிடாய்

ஸெய்னுலாப்தீன் யாரோடும் அதிகம் பேசமாட்டார். கமுக மரத்தோடும் மிளகுக் கொடியோடும்தான் பேசுவார் என்று அலவத்துகொடையில் எல்லாரும் சிரிப்போம். சிரிக்க எங்களுக்கு என்ன கேடு? முப்பத்தைந்தாம் வருஷத்து மலேரியாக் காய்ச்சலில் அவருடைய மனைவி கைரியா மவுத்தாகிப் போனாள். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு மலைச்சரிவில் யாருடையதோ கமுகந்தோட்டத்துக்குக் காவலாக, ஒற்றைக் குடிசையில் இருந்தார். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு மட்டும் இறங்கிப் பள்ளிக்கு வருவார், ஒருநாளும் தவறியதில்லை. தொழுதுவிட்டு ஏறிப் போய்விடுவார். ஒருவருக்கு மட்டும் சோறு ஆக்க அவருக்குப் பழகவே இல்லை. தினமும் சட்டியில் மிஞ்சும்.

அந்த மிச்சத்தைத் தின்னத்தான் நாய் வந்தது.

அது அக்குறணையில் பாக்கு வியாபாரம் செய்த ஜமால்தீன் ஹாஜியாரின் நாய். பெயர் டைகர். கடைக்குப் பின்னாலிருந்த பண்டகசாலைக்குக் காவல். மனிதரிடம் சாதுதான். ஆடோ மாடோ பூனையோ கிட்ட வந்தால் மட்டும் வெறி பிடித்ததுபோல் பாயும். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது, குர்பான் பலிக்கென்று ஹாஜியார் பார்த்துப் பார்த்து வளர்த்த கிடாயின் காதைக் கிழித்துப் போட்டுவிட்டது. காது அறுந்த கிடாய் குர்பானுக்கு ஆகாது. ஹாஜியார் கொதித்துப்போய், நாயைச் சுட்டுவிடத் துவக்கு வைத்திருந்த வெடிக்காரனுக்கு ஆளனுப்பினார். பாக்கு மூட்டை இறக்கப் போயிருந்த ஸெய்னுலாப்தீன் அதைக் கேட்டார்.

"அத எனக்கிட்ட தாங்கோ ஹாஜியார். மலையில ஆடுமில்ல, மாடுமில்ல."

"கொண்டு போ. ஒண்டு மட்டும் செல்றேன். இன்னொரு உசுருல வாய வெச்சா, வெடிதான்."

நாயைக் கொண்டுவந்து குடிசையோரப் பலாமரத்தில் கட்டிப்போட்டார். நாயின் ஈர வாய் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து; கழுவாமல் தொழ முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் நாய் வளர்த்தாலும் அதன் முகத்துக்குக் கிட்டப் போகமாட்டோம். அவரும் சோற்றைச் சிரட்டையில் போட்டு, தடியால் தள்ளித்தான் வைப்பார். ஆனாலும் பள்ளியிலிருந்து ஏறிவரும்போது, கடைசி வளைவிலேயே அது அவர் காலடியைக் கண்டுபிடித்துக் குரைக்கும். குடிசையில் தனக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்பது அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. வழியில் நாங்கள் சொல்லும் ஸலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடையை எட்டிப்போடத் தொடங்கினார்.

கீழ்வீட்டு றம்லத்துக்குத்தான் பயம். அவளிடம் ஆடுகள் இருந்தன. அவள் பயந்தபடியே ஒருநாள் அவளுடைய குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே ஏறி, நேரே போய் நாயின் சிரட்டைக்குள் முகத்தை விட்டது. நாய் உறுமிக்கொண்டு பல்லைக் காட்டியது. ஸெய்னுலாப்தீன் தடியோடு ஓடினார். அதற்குள் குட்டியின் தலை நாயின் கன்னத்தில் இடித்துவிட்டது. நாய் வீறிட்டுக் கத்தி, மரத்துக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது.

ஆட்டைக் கிழிக்கிற நாய் ஆட்டுக்குட்டி இடித்ததற்கு அழுமா? அவர் குந்தியிருந்து யோசித்தார். மனிதர் யாரும் இதன் முகத்தைத் தொடுவதில்லை. ஆடுமாடுதான் முகத்தோடு முகம் வைக்கும்.

"காட்டு பாப்பம். கழுவ மலையில மண்ணுக்கா பஞ்சம்?" என்று சொல்லி, வாயைப் பிரித்து விரலை விட்டார்.

உள்கன்னத்தில், சீழுக்குள், முள்ளம்பன்றி முள் ஒன்று ஒடிந்து புதைந்திருந்தது. பிடுங்கி எடுத்தார். நாய் அவரைக் கடிக்கவில்லை. பிறகு மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் ஏழு தரம் கை கழுவினார்.

புண் ஆறியது. றம்லத்தின் குட்டி நாயின் வயிற்றில் சாய்ந்து படுக்கிற அளவுக்கு வந்தது. றம்லத்தே வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஆனாலும் ஹாஜியார் சொன்ன வெடி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. எங்காவது ஓர் ஆட்டை எதுவாவது கடித்தால் பழி இதன் தலையில்தான் விழும். அதனால் முள்ளைச் சீலைத்துண்டில் முடிந்துகொண்டு அக்குறணைக்குப் போனார். வருஷக்கணக்காகப் பேசாத மனிதர் அன்று கடை நடுவில் நின்று, ஒன்றுவிடாமல் எல்லாம் சொன்னார். நாயின் குணத்தையும் புகழ்ந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை.

ஹாஜியார் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர்.

"பாவம், வலியிலயா அப்பிடிச் செஞ்சீக்குது! நான் வெடி வெக்கச் சென்னேனே. நல்ல காலம், நீ காப்பாத்தின. நாளைக்கிப் பின்னேரம் அஸருக்குப் பொறகு கரத்தை அனுப்புறேன், ஏத்திவிடு. டைகர் இல்லாம பண்டகசாலைல கள்ளன் பூந்திட்டான்."

நாயை உனக்குத் தந்தேன் என்று ஹாஜியார் ஒருநாளும் சொன்னதில்லை. கொண்டு போ என்றுதான் சொன்னார். ஸெய்னுலாப்தீன் "சரி ஹாஜியார்" என்றார். வேறு என்ன சொல்ல அவருக்குத் தெரியும்?

மறுநாள் அவரே தூக்கிக் கரத்தையில் ஏற்றினார். கயிற்றைக் கட்டும்போது நாய் அவர் கையை உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நக்கியது. வண்டி வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பீலியடிக்குப் போய், ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கீழே பாங்கு சொன்னார்கள். அன்று மஃரிபுக்கு ஸெய்னுலாப்தீன் பள்ளிக்கு வரவில்லை. அந்தக் கையைக் கழுவ அவருக்கு மனம் வரவில்லை.